வேலி மேய்ந்த கணக்கு

அம்பாசமுத்திரம்,
டிசம்பர் 4

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே நாலு நாளாக விட்டுவிட்டு மழை. ஆற்றில் செந்தண்ணீர் போகிறது. குளிக்கப் போகக்கூடாது என்று உன் தங்கச்சி உத்தரவு.

பாளையங்கோட்டை வீட்டுக்கு நெட் போட எந்த பிளான் எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

எங்களுக்கு மாதம் 1000 ஜிபி. தாண்டினால் வேகம் 4 எம்பிபிஎஸ்ஸாக இறங்கிவிடும். அக்டோபரில் 24-ஆம் தேதியே தீர்ந்துபோனது. டிவியில் சீரியல் நடுவே வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுப் பையன் மேல்தான் எனக்குச் சந்தேகம். படிப்புக்கு என்று கேட்டபோது பாஸ்வேர்டை நானே சொல்லியிருந்தேன். ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டேன். மறுநாள் அவன் அம்மா முருங்கைக்கீரை கொண்டுவந்து தந்தாள், நெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

நவம்பரிலும் அதே கதை. பையன்தான் இல்லையே! அப்புறம்தான் ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். அதன் செட்டிங்ஸுக்குள் நுழைய வேறொரு பாஸ்வேர்டு, அது பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. யார் கவிழ்த்துப் பார்த்தாலும் தெரியும், முதல் வேலையாக நீ அதை மாற்று. உள்ளே, எந்தெந்தச் சாமான் நெட்டில் இருக்கிறது என்று பட்டியல் வருகிறது. இரண்டு போன், டிவி, பேரனின் டேப். கடைசியில் கேமரா. கொல்லையில் தேங்காய் களவு போகிறதென்று மாட்டினேனே, அதுதான். 24 மணி நேரமும் படத்தை கம்பெனிக்காரன் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேமரா படம் அனுப்புகிற வேகம் 2 எம்பிபிஎஸ், அது பிட் கணக்கு. 8-ஆல் வகுத்தால் நொடிக்குக் கால் எம்பி. நாளைக்கு 86,400 நொடி, 21.6 ஜிபி. மாதத்துக்கு ஏறக்குறைய 650! நாம் அனுப்புவதும் கணக்கில் சேரும் என்று எங்கள் பிளானில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. வேலியே மேய்ந்திருக்கிறது. இப்போது ஆள் நடமாடினால் மட்டும் மெமரி கார்டில் பதிகிற மாதிரி மாற்றிவிட்டேன். அணில் ஓடினாலும் பதிகிறது, போகட்டும். பையனுக்கு கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்று போட்டு, புது பாஸ்வேர்டை நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

பாஸ்வேர்டு மாற்றிய அன்றைக்குப் பண்ணிய இன்னொரு கூத்தையும் சொல்கிறேன். அதே கோபத்தில் ஆதார் பயோமெட்ரிக்கையும் லாக் பண்ணிவிட்டேன். நல்ல ஏற்பாடுதான், நம் கைரேகையை வைத்து வேறு எவனும் பணம் எடுக்க முடியாது. ஆனால் நவம்பரில் பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் எடுக்கப் போனேன், விரல் பதியவில்லை. "துடைச்சிட்டு வைங்க அய்யா" என்றாள் அந்தப் பெண். வேட்டியில் துடைத்தேன். நெற்றியில் தேய்த்து வைத்தேன். மூன்று தடவை ஆயிற்று, பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் உயிரோடு இருப்பதை நானே பூட்டி வைத்திருக்கிறேன்! தற்காலிகமாகத் திறக்க போனில் வழியுண்டு. ஆனால் ஓடிபி வர உள்ளே டவர் இல்லை. வாசலில் வேப்பமரத்தடிக்கு வந்து போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்காகப் பூட்டாமல் இருந்துவிடாதே. திறப்பது எப்படி என்று முதலிலேயே ஒரு தடவை பழகிக்கொள். கனெக்ஷன் கொடுக்க வருகிறவன் ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுத்துப் பார். பிளானில் வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் ஜிபி எவ்வளவு, அனுப்புவதும் அதில் சேருமா என்று கேள்.

தைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. வழக்கம்போலக் கொல்லை வழியாக நுழையாதே, கேமராவில் விழுவாய்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்