வால்ஐ பிடிக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள பிள்ளை,

மே மாத முதல் சனிக்கிழமை சீசன் திறக்கும்போது, சிநேகிதரோடு ஐந்து பேராக ஒன்ராறியோ ஏரியின் குவின்ரி விரிகுடாவுக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். காலை ஒன்பதுக்குப் போட் எடுத்து, பகல் முழுக்கத் தூண்டில் போட்டு, ஐந்து மணிக்குக் கரையேறுவது என்ற உங்கள் திட்டத்தையும் பார்த்தேன். இடமும் நாளும் சரி, நேரம் சரியில்லை. நீங்கள் உங்கள் வசதிக்கு நேரம் போட்டிருக்கிறீர்கள். இந்த மீனுக்குப் போவதென்றால் அதன் கண்ணைப் பார்த்துத்தான் நேரம் போட வேண்டும்.

கடையில் ‘பிக்கரல்’ என்று எழுதி விற்பார்களே, அதுதான் வால்ஐ. கண் பால் படிந்த மாதிரி வெளிறியிருக்கும். அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பிவிடும் படலம் ஒன்று இருக்கிறது. இரவில் பூனையின் கண் மின்னுவதும் அப்படியொரு படலத்தால்தான். மங்கல் வெளிச்சத்தில் இரைமீன் தடுமாறும், வால்ஐக்கு வடிவாகத் தெரியும். அதனால் அந்த நேரத்தில்தான் மேய வரும். வெயில் ஏறினால் ஆழத்துக்கு இறங்கிவிடும், அல்லது நீர்ப்புல்லின் நிழலுக்குள் போய்க் கிடக்கும். 1990களின் நடுவில் ஸீப்ரா சிப்பி குவின்ரிக்குள் பரவியது. அது தண்ணீரை வடிகட்டித் தெளிய வைத்ததால் வெளிச்சம் முன்பைவிட ஆழமாக இறங்குகிறது. ஆகவே அங்கே விடியலும் பொழுதுபடும் நேரமும் இன்னும் முக்கியம்.

மே தொடக்கத்தில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன் எழும்பும், இரவு எட்டேகால் அளவில் விழும். ஐந்தேகாலுக்குத் தூண்டில் தண்ணீரில் இருக்க வேண்டும். ஒன்பதுக்குக் கரையேறிச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நித்திரை கொள்ளுங்கள். பின்னேரம் ஆறரைக்குத் திரும்ப இறங்கி ஒன்பதரை வரை நில்லுங்கள். வானம் மூடியிருந்து, காற்றில் தண்ணீர் சிறு அலையாகக் குழம்பியிருந்தால் மட்டும் மத்தியானத்திலும் பிடிக்கலாம். மழைக்குப்பின் ஆற்றுவாயில் கலங்கல் தண்ணீர் வந்து விழுகிற இடத்திலும் பகலில் கடிக்கும்.

இதனால்தான் காசு கட்டமுதல் போட் வாடகைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: விடியமுதல் எடுக்கலாமா, இருட்டியபின் திருப்பிக் கொடுக்கலாமா? பல இடங்களில் பொழுதுபட முன் போட்டைக் கொண்டுவரச் சொல்வார்கள். அப்படியானால் அந்த வாடகை உங்களுக்கு உதவாது. இறங்குதுறையும் போட்டும் சேர்ந்த கொட்டேஜ் ஒன்றைப் பாருங்கள். அங்கே நேரம் உங்கள் கையில். இருட்டில் ஓடுவதென்றால் முன்னால் சிவப்பு-பச்சை விளக்கும் பின்னால் வெள்ளை விளக்கும் எரிய வேண்டும். எடுக்கும்போதே போட்டுப் பார்.

ஐந்து பேருக்கு ஒரு போட் போதாது. 14 அடி அலுமினியப் போட்டில் எத்தனை பேர், எவ்வளவு பாரம் என்று தகட்டில் எழுதியிருக்கும். தகடு நாலு என்று சொன்னாலும், தூண்டில் போட மூன்று பேருக்குத்தான் இடம். நாலாமவர் தடியை வீசும்போது ஊசி யாருடைய காதில் மாட்டும் என்று சொல்ல முடியாது. இரண்டு போட் எடுத்து, மூன்றும் இரண்டுமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். மோட்டர் போட் ஓட்டுபவரிடம் இயக்குநர் அட்டை இருக்க வேண்டும். வாடகைப் போட்டுக்கு, கடைக்காரர் விளக்கிக் கையெழுத்து வாங்கும் படிவம் அந்த வாடகைக் காலத்துக்கு மட்டும் செல்லும்.

எங்கே நிற்பது என்பதற்கு மீனின் நாட்காட்டியைத் தெரிந்துகொள். ஐஸ் உருகிய கையோடு, தண்ணீர் 5 முதல் 10 பாகை வரும்போது, வால்ஐ ஆறுகளில் ஏறிக் கல்லும் பரலும் உள்ள இடத்தில் முட்டையிடும். ஆண்மீன் முதலில் வந்து கடைசியாகத்தான் போகும். பெரிய பெண்மீன்கள் முட்டை விட்டதும் விரிகுடா வழியே இறங்கி, உன் கிங்ஸ்ரன் பக்கத்து ஏரி ஆழத்துக்குப் போய்விடும். சீசன் திறக்கும்போது ஆற்றுவாய்களில் அதிகம் நிற்பவை 40, 45 சென்டிமீற்றர் ஆண்மீன்கள். சாப்பிட உகந்த அளவும் அதுதான். ட்ரென்ரனில் ட்ரென்ட் ஆறு, பெல்வில்லில் மொய்ரா, ஷனன்வில்லில் சமன் ஆறு, கிழக்கே நபானி ஆறு: இந்த வாய்களுக்கு வெளியே 6 அடி முதல் 15 அடி வரை தேடுங்கள். ஓட்டத்தண்ணீரும் நின்ற தண்ணீரும் உரசும் கோடு கண்ணுக்கே தெரியும். அந்தக் கோட்டில் நின்ற தண்ணீர்ப் பக்கம்தான் மீன் ஒதுங்கி நிற்கும். ட்ரென்டில் அணைக்கு அருகே போகவேண்டாம், வசந்த வெள்ளம் போட்டை இழுத்துவிடும். ஆறுகளில் மீன் காப்புப் பகுதிகள் உண்டு. அவற்றின் எல்லையையும் திகதியையும் மாகாணத்தின் அந்த ஆண்டு மீன்பிடிச் சட்டச் சுருக்கத்தில் 20ஆம் மீன்பிடி வலயத்தின் கீழ் பார்த்துக் குறித்துக்கொள். வடகரையில் தையெண்டினேகா மொஹாக் என்ற முதற்குடி மக்களின் நிலம் இருக்கிறது. வசந்தத்தில் அவர்கள் ஆற்றில் ஈட்டியால் மீன் குத்துவது அவர்களுடைய உரிமை. அதைப்பற்றிக் கரையில் யாராவது குறை சொன்னால் நீங்கள் சேர்ந்து கதைக்கவேண்டாம்.

இனித் தூண்டில். ஆறரை அல்லது ஏழு அடித் தடி, நடுத்தரத்துக்குச் சற்று மெல்லியது, நுனி மட்டும் வளைவதாக. 2500 அளவு றீல். 10 இறாத்தல் பின்னல் தங்கூசி சுற்றி, நுனியில் 8 இறாத்தல் புளோரோகார்பன் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடவாகக் கட்டு. பின்னல் நீளாது, அதனால் மெல்லிய கடியும் கைக்குத் தெரியும். ஆனால் கல்லில் ஒட்டியிருக்கும் ஸீப்ரா சிப்பியின் விளிம்பு அதைப் பிளேட் மாதிரி அறுக்கும், அங்கே புளோரோகார்பன் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கடைசி ஒரு சாணை விரலால் உருவிப் பார். சொரசொரத்தால் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டு. முடிச்சை இறுக்கமுதல் எச்சில் தொட்டு நனை. காய்ந்த முடிச்சு இழுக்கும் சூட்டிலேயே பலம் இழக்கும். மீன் அறுத்துக்கொண்டு போனது என்று சொல்வதில் பாதி, முடிச்சு விட்ட கதை.

ஊசியின் தலையில் ஈயக்குண்டு வைத்த ஜிக் ஆளுக்கு இருபது: அரைக்கால் அவுன்ஸ் ஆறு, கால் அவுன்ஸ் பத்து, 3/8 அவுன்ஸ் நாலு. கல்லுக்குள் பல போய்விடும், ஆகவே குறைத்து வாங்காதே. கலங்கலில் செம்மஞ்சளும் பச்சைமஞ்சளும், தெளிந்த தண்ணீரில் வெள்ளை. நிறத்தைவிடப் பாரம்தான் முக்கியம். ஜிக் அடியில் முட்டுவது கைக்குத் தெரியாவிட்டால் பாரம் குறைவு. முட்டியதும் சேற்றில் அப்படியே குந்திவிட்டால் பாரம் கூட. போட் மிதக்கும்போது தங்கூசி நேர்கீழிலிருந்து 45 பாகைக்கு மேல் சரிந்தால் ஒன்றில் பாரத்தைக் கூட்டு, அல்லது போட்டின் வேகத்தைக் குறை. ஒரு வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இழுக்கவிட்டாலே வேகம் குறையும்.

மினோ என்கிற சின்ன இரைமீனை ஜிக்கில் கொழுவும்போது கீழ்த்தாடையில் குத்தி மூக்குக்கு மேலால் ஊசியை எடு. ஒரு விரல் நீளத்துக்கு மேல் பெரிய மினோ வேண்டாம். அடியில் முட்டியதும் ஒரு சாண் தூக்கி, தங்கூசி தளராமல் கூடவே இறக்கு. மூன்று, நாலு செக்கன் சும்மா விடு, பிறகு திரும்பவும். கடி பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும். தளரவிட்டால் அது உனக்குத் தெரியவே தெரியாது. வால்ஐ வெடுக்கென்று இழுக்காது. நனைந்த துணியொன்று மாட்டின மாதிரிக் கனம் கூடும், அவ்வளவுதான். கனம் தெரிந்த உடனே மணிக்கட்டால் தூக்கு. தண்ணீர் 8 பாகைக்குக் கீழே இருந்தால் தூக்கவே வேண்டாம், அடியோடு மெதுவாக இழுத்துக்கொண்டு போ. மினோவின் வால் மட்டும் கடிபட்டு வந்தால், ஜிக்கின் ஊசியில் இன்னொரு சின்ன மூன்றுமுனை ஊசியைக் கட்டி மினோவின் வால்பக்கம் குத்து. குளிர்காற்று வந்து போன மறுநாள், வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போது, மீன் வாய் திறக்காது. அன்றைக்கு ஜிக்கையும் மினோவையும் ஆகச் சிறிதாக்கி, ஆழம் தேடிப் போங்கள்.

இரை விஷயத்தில் சட்டம் கண்டிப்பு. 2022 இலிருந்து ஒன்ராறியோ நாலு இரை வலயங்களாகப் பிரிந்திருக்கிறது. மினோவையும் அட்டைப்பூச்சியையும், உயிரோடானாலும் செத்ததானாலும், ஒரு வலயத்திலிருந்து மற்றதுக்குக் கொண்டுபோகக் கூடாது. சட்பரியிலிருந்து வருகிற சிநேகிதி அங்கிருந்து இரை வாங்கிவர வேண்டாம். பெல்வில்லில் வாங்கி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வெளி வலயத்திலிருந்து வருபவர் அந்தச் சீட்டோடு இரண்டு கிழமைக்குள் இரையைப் பாவித்து முடிக்க வேண்டும். ஒரு போட்டுக்கு ஒரு வேளைக்கு மூன்று டசின் மினோ காணும். வாளி சூடேறினால் மினோ செத்துவிடும். ஐஸை உடைத்து உள்ளே போடாதே, குழாய்த்தண்ணீர்க் குளோரின் கொல்லும். போத்தலில் உறையவைத்துப் போத்தலோடு மிதக்கவிடு. மிஞ்சிய இரையையும் வாளித்தண்ணீரையும் ஏரியில் மட்டுமல்ல, கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளும் ஊற்றக் கூடாது. ஸீப்ரா சிப்பியும் இப்படி எங்கிருந்தோ வந்த தண்ணீரோடு வந்து சேர்ந்ததுதான்.

18 வயதிலிருந்து 64 வரை எல்லோருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஸ்போர்ட் என்றும் கொன்சர்வேஷன் என்றும் இரண்டு வகை, இரண்டாவதில் எடுக்கக்கூடிய மீன் குறைவு. யாரிடம் எது இருக்கிறது என்று போகமுதல் கேட்டு எழுதிவை. நீ பிடித்ததை இன்னொருவர் கணக்கில் சேர்க்க முடியாது. ஒருவருக்கு ஒரு பை, பெயர் எழுதி. வீட்டுக்கோ தங்கும் இடத்துக்கோ வரும்வரை மீனை வெட்டவேண்டாம். அதிகாரி மறித்தால் எண்ணவும், இனம் பார்க்கவும், நீளம் அளக்கவும் முடிய வேண்டும்.

இனி எழுதுவதை இரண்டு தடவை வாசி. மே மாதத் தண்ணீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். அடுத்த பத்து நிமிடம் வரைதான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் இருக்கிறது. உடம்பு குளிர்ந்து போகமுதலே, அந்த முதல் நிமிடத்தில் தண்ணீரை உள்ளே இழுத்துச் சாகிறவர்களும் உண்டு. மிதவைச் சட்டையைச் சீற்றுக்குக் கீழே வைத்திருந்தால் அந்த நிமிடத்தில் போட முடியாது. கரையில் போட்டால் கரையில்தான் கழற்ற வேண்டும், நீந்தத் தெரிந்தவரும்தான். 15 மீற்றர் மிதக்கும் கயிறு, விசில், தண்ணீர் புகாத டோர்ச், தண்ணீர் இறைக்க ஒரு வாளி, துடுப்பு, நங்கூரம் எல்லாம் போட்டில் இருக்கிறதா என்று நீயே பார். நங்கூரத்தை முன்பக்கம் மட்டும் கட்டு. பின்னால் கட்டினால் மோட்டரின் பாரத்தோடு சேர்ந்து அலை உள்ளே ஏறும். தென்மேற்குக் காற்று நீளமாக வீசினால் பெல்வில்லுக்குக் கிழக்கேயுள்ள அகன்ற பகுதியில் அலை கெதியாகக் குத்தாக எழும்பும். தண்ணீர் ஆழமில்லாததால் அப்படி. வெள்ளைநுரை தெரிந்தால் அன்று ஆற்றுவாய்க்குள்ளேயே நில்லுங்கள். படுக்கை, அடுப்பு, கழிவறை இல்லாத போட்டில் மதுபானம் சட்டப்படியும் கூடாது. யார் கொண்டுவந்தாலும் கரையில் வைத்துவிட்டு ஏறச் சொல்.

வால்ஐக்குக் கூர்ப்பல். வாய்க்குள் விரல் விடாதே, ஊசியை இடுக்கியால் எடு. செவுள்மூடியின் விளிம்பும் அறுக்கும். கையை நனைத்துவிட்டு வயிற்றைத் தாங்கிப் பிடி. பெரிய பெண்மீன் வந்தால் படம் எடுக்கிற நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்காமல் விட்டுவிடு. குளிர் நீடித்த ஆண்டில் அதன் வயிற்றில் இன்னும் முட்டை இருக்கலாம். பெரிய மீனில் பாதரசமும் கூட. எந்த நீரில், எந்த நீளத்து மீனை, மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று மாகாணத்தின் மீன் உண்ணும் வழிகாட்டியில் அட்டவணை இருக்கிறது. பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்கும் சிறுவருக்கும் தனி நிரல். நீ அந்த நிரலைத்தான் பார்க்க வேண்டும்.

பிடித்த உடனே ஐஸில் வை, தண்ணீரில் ஊறவிடாதே. தசையில் முள் குறைவு, முன்பாதியில் நடுக்கோட்டோடு ஒரு வரிசை மட்டும், அதை V மாதிரி வெட்டி எடுத்துவிடலாம். கன்னத்துச் சதையை எறியாதே, அதுதான் ஆகத் திறம். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்தால் போதும். குழம்பு வைப்பதென்றால் கொதித்தபின் மீனைப் போட்டு, அகப்பை விடாமல் சட்டியைச் சுழற்று. சதை மெத்தென்றது, கிண்டினால் கரைந்துவிடும். தலையும் நடுமுள்ளும் சொதிக்கு.

போட்காரர் விடியமுதல் தருவாரா, இருட்டியபின் வாங்குவாரா என்ற பதில் வந்ததும் எனக்கு எழுது. இல்லை என்றால் கொட்டேஜ் கெதியாகப் பிடிக்க வேண்டும், முதல் கிழமைக்கு வெள்ளனவே நிரம்பிவிடும். மிதவைச் சட்டை எத்தனை பேரிடம் சொந்தமாக இருக்கிறது, அவரவர் அளவு என்ன என்பதையும் சேர்த்து அனுப்பு. குறைகிறதை நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா