விடுதிக் கூடத்துச் சாவியைக் கேட்டு ஒரு மடல்

உ
சிவமயம்

எங்கள் ஊர் நகரத்தார் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், கோயில் காரியக்காரர்களுக்கும் வணக்கம்.

ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் படித்தால் தங்கள் ஊரைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

பிள்ளையார் நோன்பன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள், மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்தீர்கள். என்னைப் பெற்ற ஆத்தா, மாவில் திரி வைத்து ஏற்றித் தருகிற நோன்பு இழையை எடுத்துக்கொண்டார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வரிசையில் போய் நின்று கையை நீட்டினார். முதலில் எடுத்தது அவருக்கு ஞாபகமில்லை, அவ்வளவுதான். "ஆச்சிக்கு ஒரு தரம் ஆயிருச்சு, தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்று மைக்கிலேயே ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் இதே ஊரில் நோன்புக்கு மாவு பிசைந்து கொடுத்த கை அது. நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது. என் மனைவிதான் போய்ப் பிடித்து அழைத்து வந்தாள்.

அதைக்கூட விட்டுவிட்டேன். கூட்டத்தில் யாரோ தெரியாமல் பேசியது. ஆனால் அடுத்த வாரம் நம் சங்க விடுதியின் வாசல் பலகையில் அறிவிப்பு ஒன்று ஒட்டினீர்களே, அது யோசித்து, தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு ஒட்டியது. "ஞாபகக் குறைவுள்ள பெரியவர்களை விசேஷ நாட்களில் அழைத்து வருவதைத் தவிர்த்து, அவர்களின் நலன் கருதி இல்லத்திலேயே வைத்துப் பேணுமாறு கேட்டுக்கொள்கிறோம்." நலன் கருதி என்ற இடத்தை மூன்று தரம் படித்தேன். யாருடைய நலன் என்று இன்னும் பிடிபடவில்லை.

சரி, இல்லத்திலேயே வைத்துப் பேணுவது எப்படி என்று சொல்கிறேன். நம் வீடுகள் எப்படிக் கட்டியவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்தெரு தெரியும். வாசலுக்கு நேரே வாசல். காற்று வரவும், கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் உட்காரவும் அப்படிக் கட்டினார்கள். மறதி நோய் வந்த ஒருவரைக் காப்பாற்றுவதற்கு இதைவிட மோசமான வீடு கிடையாது. முகப்பில் தாழ் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஆத்தா பின்தெருவில் நிற்பார். போன ஆவணியில் அப்படித்தான் போய், பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தத் தெருவில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் ஆள் இருக்கிறது. பார்த்துச் சொல்லக்கூட மனிதர் இல்லை. கடைசியில் பால்காரர்தான் கூட்டி வந்தார்.

அதிலிருந்து எல்லாக் கதவையும் பூட்டுகிறோம். பொழுது சாய்ந்தால் கஷ்டம் ஆரம்பிக்கும். ஐந்தரை மணிக்கு மேல் ஆத்தா கையில் மாற்றுச் சேலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "வீட்டுக்குப் போகணும்." இதுதான் வீடு என்றால் கோபம் வரும். அவர் சொல்லும் வீடு தேவகோட்டையில் அவர் பிறந்த வீடு. அது பங்காளிகளுக்குள் பிரிந்து பல காலம் ஆகிவிட்டது. என்னைப் பார்த்து, "அப்பச்சி, வண்டி வந்துருச்சா?" என்று கேட்பார். எனக்கு 59 வயது. அந்த நேரத்தில் நான் அவருக்கு அப்பச்சி, அவரைப் பெற்ற தகப்பனார். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன், "உன் அப்பச்சி செத்து ஐம்பது வருஷமாச்சு ஆத்தா" என்று ஒருநாள் சொல்லியும் விட்டேன். அன்றைக்குத்தான் செய்தி வந்த மாதிரி அழுதார். அப்புறம் சொல்வதில்லை. "வண்டி வர நேரமாகுமாம், ஒரு வாய் காப்பி குடிப்போம்" என்கிறேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டுக் கொத்துச் சாவி ஆத்தாவிடம்தான் இருந்தது. எந்த அறையில் எத்தனை தூக்குச் சட்டி, எத்தனை பித்தளை அண்டா, யார் வீட்டுக்கு இரவல் போனது எது என்று வாயிலேயே கணக்கு வைத்திருந்தவர். இப்போது பூட்டிய கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "என் சாவி எங்கே?" என்று கேட்கிறார். நானும் மனைவியும் யோசித்து, பழைய பெட்டியில் கிடந்த துருப்பிடித்த சாவிகளை ஒரு வளையத்தில் கோத்துக் கொடுத்தோம். இந்த வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். அதை இடுப்பில் சொருகிக்கொண்ட பிறகு கொஞ்சம் அமைதியானார். ஒவ்வொரு கதவாகப் போட்டுப் பார்ப்பார். திறக்காது. அடுத்த கதவுக்குப் போவார். தினம் சாயங்காலம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் பேணுகிறோம், உங்கள் அறிவிப்பில் சொன்னபடி.

இதில் எழுதுகிறவன் நான், செய்கிறவள் என் மனைவி. அவளுக்கு மூன்று மாதமாகக் கடைவாய்ப் பல் வலி. காரைக்குடிக்குப் போய் வேர் சிகிச்சை செய்ய வேண்டும், மூன்று தடவை வரவேண்டும் என்றார் டாக்டர். போய்வர ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரம் எங்கள் வீட்டில் இல்லை. நீ பார்த்துக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். ஆத்தாவை நான் கழிவறைக்குக் கூட்டிப் போனால் கூச்சல் போடுகிறார். அங்கே நான் அப்பச்சி இல்லை, யாரோ ஓர் ஆண்பிள்ளை. கூலிக்கு வைத்த இரண்டு பெண்களும் ஒரு மாதம் தாங்கவில்லை. ஆகவே என் மனைவி வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கதவுகளைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். விடுதியின் முன்கூடத்தைச் செவ்வாயும் வெள்ளியும் மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை திறந்துவிடுங்கள். மறதி நோய் உள்ள பெரியவர்கள் அங்கே வந்து உட்காரட்டும். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வாரத்தில் ஆறு மணி நேரம் கிடைக்கட்டும்.

சென்ற மாதம் செயலாளர் அண்ணனிடம் இதை வாய்மொழியாகக் கேட்டேன். "நம்ம ஊருல அப்படி எத்தனை பேரு இருக்கப்போறாங்க?" என்றார். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய், வயதானவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர் நம்முடையது. 60 தாண்டியவர்கள் 200 பேர் என்று வைத்தாலும் பதினான்கு பதினைந்து வீடு வருகிறது. எனக்கே ஏழு வீடு தெரியும். மற்ற வீடுகள் வெளியே சொல்லவில்லை, ஏனென்றால் நாம் அதற்கு வைத்திருக்கிற பேர் அப்படி. "அறளை பெயர்ந்துபோச்சு", "புத்தி பேதலிச்சிருச்சு". பேத்திக்கு வரன் பார்க்கிற வீட்டில் எப்படிச் சொல்வார்கள்?

நாங்களும் இரண்டு வருடத்தை அப்படித்தான் கோட்டைவிட்டோம். வயசானா மறதி வரத்தானே செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள், கேட்டுக்கொண்டோம். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயசு. கண்ணாடியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, இது எதற்கு என்று கேட்பது மூளை நோய். தைராய்டு குறைவாலும் பி12 சத்துக் குறைவாலும்கூட இப்படி வரலாம். அதை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம், அது சரிசெய்யக் கூடியது. ஆத்தாவுக்கு வந்தது அல்சைமர். மறதி நோய்களில் அதிகம் பேருக்கு வருவது அதுதான். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் கிடையாது. காது மந்தத்தைக் கவனிக்காமல் விடுவதும் இந்த நோய்க்கு ஒரு காரணமாகச் சேர்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆத்தாவுக்குக் காது மந்தமாகிப் பத்து வருடம். கேலி செய்தோமே தவிர, காது கருவி வாங்கித் தரவில்லை.

இந்த மடலைப் படிக்கிற எல்லோருக்கும் இடையில் ஒரு விண்ணப்பம். "ஆச்சி, நான் யாருன்னு தெரியுதா? சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் வைக்கிறார்கள். பதில் தெரியாமல் அவர் முழிப்பதைப் பார்த்து என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. "நான் இன்னார் மகன், உங்க கையால பணியாரம் சாப்பிட்டிருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். போதும்.

ஜப்பானில் இந்த நோய்க்கு இருந்த பழைய பெயரில் புத்திகெட்டவர் என்ற பொருள் இருந்தது என்று 2004இல் அரசாங்கமே அந்தப் பெயரை மாற்றியது. மறு வருடத்திலிருந்து கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் ஒன்றரை மணி நேரப் பயிற்சி கொடுக்கிறார்கள். இதுவரை ஒரு கோடிப் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒமுத்தா என்ற ஊரில், காணாமல் போன பெரியவரை ஊரே சேர்ந்து தேடுவதற்கு ஒத்திகை பார்க்கிறார்கள். தீயணைப்பு ஒத்திகை மாதிரி. நம் ஊரில் தேர் இழுக்க ஒத்திகை பார்க்கிறோமே, அதில் பாதி நேரம் போதும். பெல்ஜியத்தில் புரூஜ் என்று ஓர் ஊர். அங்கே இவர்களைப் புரிந்துகொண்டு நடத்துகிற கடைகளில் முடிச்சுப் போட்ட கைக்குட்டைப் படம் ஒட்டியிருக்குமாம். மறக்காமலிருக்க முந்தானையில் முடிச்சுப் போடுகிற பழக்கம் நம் ஆச்சிமாருக்கும் உண்டு. ஆச்சிமாருக்கே மறதி வந்தால் முடிச்சை யார் போடுவது என்றுதான் நாம் யோசிக்கவில்லை.

பணமில்லாத சமூகமா நம்முடையது? காசியில் சத்திரம் கட்டியவர்கள். காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வரவேண்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்தார் அழகப்பச் செட்டியார், அந்தக் காலத்து 15 லட்சம். இன்றைக்கு நம் சங்கம் விடுதிக்குக் கிரானைட் போட்டிருக்கிறது, திருவிழாவை ட்ரோன் வைத்துப் படமெடுக்கிறது. வெளிநாட்டுக்காரர் வந்தால் ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்கையும் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறோம். காரைக்குடியில் பழம்பொருள் விற்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் மூடி இல்லாத பீங்கான் ஜாடிக்கும் விலை சொல்கிறார்கள், பழசாம். வீட்டில் எண்பது வருடப் பழசு ஒன்று உட்கார்ந்திருந்தால் மட்டும் விசேஷத்துக்குக் கூட்டி வரக் கூடாது. அவ்வளவு பாரம்பரியம் தாங்காது போலிருக்கிறது.

மன்னியுங்கள். கேட்க வந்த இடத்தில் சண்டைக்கு நிற்கிறேன் என்று என் மனைவி சொல்கிறாள். கூடத்தைத்தான் கேட்க வந்தேன்.

"யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா சங்கம்ல பதில் சொல்லணும்" என்றும் செயலாளர் அண்ணன் சொன்னார். நியாயமான பயம். அதற்காக வரும் வீடுகள் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். முறை வைத்து இரண்டு வீட்டார் எப்போதும் கூடத்தில் இருப்போம். கேட்டைப் பூட்டி வைத்துக்கொள்கிறோம். மேற்கத்தியக் கழிவறை ஒன்று அங்கே ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்தில் ஒரு கைப்பிடி மட்டும் பொருத்த வேண்டும், அந்தச் செலவு என்னுடையது. மின்விசிறிக்கு ஆகிற கரண்ட் காசும், உதவிக்கு ஓர் அம்மாவுக்கான சம்பளமும் முதல் மூன்று மாதம் நான் தருகிறேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்க்கிற பெண்ணிடம் பேசிவிட்டேன். ஊருக்கு வரும் நாளில் கூடத்துக்கும் வந்து போவதாகச் சொல்லியிருக்கிறார். ஆத்தாவுக்கு வந்தது வயசு இல்லை, நோய் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

அவர்கள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். காலையில் சாப்பிட்டது ஆத்தாவுக்கு ஞாபகமில்லை. பனை ஓலையைக் கையில் கொடுத்தால் கொட்டான் முடைகிறார், ஒரு இழை பிசகுவதில்லை. பூத் தொடுப்பார். யாராவது தேவாரத்தில் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் பதிகம் முடிகிற வரை பாடுவார். இந்த நோயில் கை பழகியதும் பாட்டாகப் படிந்ததும் கடைசியில்தான் போகும் என்றார் டாக்டர். இருக்கிற மட்டும் நாலு பேரோடு உட்கார்ந்து முடையட்டும், பாடட்டும்.

ஆகவே மறுபடியும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். பலகையில் இருக்கிற அறிவிப்பை எடுத்துவிடுங்கள். செவ்வாயும் வெள்ளியும் மதியம் முன்கூடத்தைத் திறந்துவிடுங்கள். கல்யாணம், காதுகுத்து இருக்கிற நாளில் நாங்கள் வரமாட்டோம். குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் வாங்குகிற புள்ளி வரியைப் பாக்கியில்லாமல் கட்டுகிற ஏழு வீட்டுக்காரர்கள் இந்த மடலோடு கையெழுத்துப் போட்ட தாளை இணைத்திருக்கிறோம். ஒருவருடைய கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். அவர் தன் மனைவியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போட்டது.

மாசியில் கூடுகிற பொதுக்குழுவில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். சாவி வாங்க நானே வருகிறேன். போனில் கூப்பிடுவதாக இருந்தால் ஐந்து மணிக்குள் கூப்பிடுங்கள். அதற்கு மேல் எடுக்க முடியாது, ஆத்தாவோடு வண்டிக்குக் காத்திருப்பேன்.

இங்ஙனம்,
வடக்குத் தெருப் புள்ளிகளில் ஒருவன்