ஜெனிக்கு, நங்கூரம் போடுவதற்கு முன்

தூத்துக்குடி

அன்புள்ள ஜெனி,

நீ அனுப்பிய படகு விவரங்களைத் தம்பி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டேன். அக்டோபர் திங்கள்கிழமை லீவையும் சேர்த்து மூன்று நாள், தோழிகள் நான்கு பேர், ஆஸ்திரேலியாவில் ஏர்லி பீச்சிலிருந்து விட்சண்டே தீவுகளுக்கு நீங்களே ஓட்டிப் போகும் கேட்டமரான், இரட்டை உடல் பாய்ப்படகு. கேப்டன் என்று போட்ட இடத்தில் உன் பெயர். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது?" என்றாள். குயின்ஸ்லாந்தில் இந்த மாதிரி வாடகைப் பாய்ப்படகுக்கு லைசென்ஸே வேண்டாம், கிளம்பும் முன் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று விளக்கினேன். விளக்காமல் இருந்திருக்கலாம். சாயங்காலம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாய் பிடிப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்று கன்னத்தை வைத்தே சொல்லிவிடுவாய், சின்ன வயதிலேயே தாத்தா வள்ளத்தில் பழகினவள். நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி.

நம் மன்னார் வளைகுடாவில் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டர்கூட வராது. காலையில் கட்டிய கயிற்றைச் சாயங்காலம் வந்து பார்த்தாலும் அப்படியேதான் இருக்கும். அதில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடல் புரிய நாளாகும். நிலக்கரி ஏற்ற ஹே பாயிண்டில் எங்கள் கப்பல் காத்துக் கிடந்திருக்கிறது. நீ போகும் இடத்துக்குத் தெற்கே, மக்கே பக்கம். கடலுக்குள் நீண்டு நிற்கும் அந்தப் பாலத்தின் தூண்களில் பாசி படிந்த ஈரம் எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருந்தது என்று பார்த்து, தோணியிலேயே வளர்ந்த எனக்கே வாய் அடைத்துப்போனது. விட்சண்டேயில் அவ்வளவு இல்லை. ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டருக்கு மேலேயே ஏறி இறங்கும். நீ போகிற வாரம் நிலா எப்படி என்று காலண்டரில் பார்த்து வை.

அதனால் நங்கூரச் சங்கிலிக் கணக்கு மாறும். சாயங்காலம் வற்றின நேரத்தில் ஐந்து மீட்டர் ஆழம் என்று கருவி காட்டுகிறது, ஆழத்துக்கு ஐந்து மடங்கு, இருபத்தைந்து மீட்டர் என்று சங்கிலியை விட்டுவிட்டுப் படுத்துவிடாதே. நள்ளிரவில் அதே இடம் எட்டு மீட்டர். அப்போது நாற்பது மீட்டர் வெளியே கிடந்தால்தான் நங்கூரம் மண்ணைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும், குறைந்தால் நிமிர்ந்துவிடும். ஏறின நேரத்தில் போட்டால் கணக்கு வேறு: வற்றும்போது அடியில் பவளப்பாறை முட்டாமல் இருக்குமா என்று பார்க்க வேண்டும். சங்கிலி விட்ட பிறகு எஞ்சினை மெதுவாகப் பின்னால் கொடுத்து இழுத்துப் பார். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் நேர்க்கோட்டில் குறித்துக்கொள். கோடு விலகினால் நங்கூரம் நழுவுகிறது.

படகு கட்டுவதற்கென்று போட்டிருக்கும் நீல மிதவை காலியாக இருந்தால் நங்கூரமே வேண்டாம், அதில் கட்டிக்கொள். எவ்வளவு நீளப் படகு, எவ்வளவு காற்று வரை தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். சாயங்காலம் நான்கு மணிக்குள் ஒதுங்கிவிட வேண்டும் என்றும், தினம் இரண்டு தடவை ரேடியோவில் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும் என்றும் போட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் கேட்காதவர்கள் இதையாவது கேட்கிறார்களே, நல்லது. வெயில் சாய்ந்தால் தண்ணீருக்கடியில் பாறை தெரியாது.

விட்சண்டே கால்வாயைக் கடக்கும்போது இன்னொன்று. அங்கே தண்ணீர் ஏறும்போது நீரோட்டம் தெற்கே இழுக்கும், வற்றும்போது வடக்கே. காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து. ஏற்றமும் இந்தக் காற்றும் எதிரும் புதிருமாக மோதினால் அலை குத்துக்குத்தாக எழும்பும். மயக்கம் வருகிற தோழி இருக்கிறாள் என்றாயே, அன்று கிளம்புவதற்கு முன்பே மாத்திரையைக் கொடுத்துவிடு. அக்டோபரில் காற்று வடக்கே திரும்பவும் செய்யும். அப்போது ஹூக் தீவின் வடக்குப் பக்கத்துக் குடாக்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ராத்திரி தங்காதே. நாரா இன்லெட்டுக்குள் போய்விடு, தீவுக்குள் நீளமாகப் புகுந்து கிடக்கும் இடம், அலை வராது.

அங்கே ஒரு குகையில் ஙாரோ மக்கள் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. அதைப் பார்க்காமல் வராதே. ஆயிரக்கணக்கான வருஷமாக அந்தத் தீவுகளில் இருந்தவர்கள். மரப்பட்டையைத் தைத்துச் செய்த ஓடங்களில் இதே கால்வாயில் போய் வந்திருக்கிறார்கள். 1770 ஜூனில் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் கப்பல் இந்த வழியாகப் போனது, கால்வாய்க்குப் பெயர் வைத்ததும் அவர்தான். படங்களில் எல்லாம் வருகிற வெள்ளை மணல் வைட்ஹேவன், அதற்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. ஹில் இன்லெட்டில் மணலும் நீலமும் கலந்து சுழிவது தண்ணீர் வற்றினால்தான் நன்றாகத் தெரியும். ஆனால் முழுக்க வற்றினால் அதை மேலிருந்து பார்க்க இறங்கும் டங் பே கரையில், உங்களைக் கரை சேர்க்கும் சின்னப் படகு பாறையில் உட்கார்ந்துவிடும். நேரம் பார்த்து ஏறு.

சிட் ஹார்பரில் தங்கலாம், குளிக்காதே. 2018-ல் அங்கே சுறா கடித்து ஒருவர் இறந்துபோனார். வேறு எங்கே இறங்கினாலும் உடம்பு முழுக்க மூடும் நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொள். கொட்டும் ஜெல்லிமீனான சொறிமுட்டையின் காலம் நவம்பரில்தான் தொடங்குகிறது என்பார்கள். சொறிமுட்டைக்குக் காலண்டர் தெரியாது.

பாய்க் கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சில் கயிறு சுற்றும்போது கட்டைவிரலை மேலே வைத்துக்கொள். என் இடதுகையை நீ பார்த்திருக்கிறாய். பாயின் அடிக்கட்டையான பூம் திரும்பும்போது "தலை!" என்று சத்தம் போட்டுச் சொல். குடிக்கிற சமாச்சாரத்தில் அங்கே கார் ஓட்டுகிறவருக்கு உள்ள சட்டம்தான் படகுக்கும். என் சட்டம் அதைவிடக் கொஞ்சம் கடுமை, உனக்கே தெரியும்.

நல்ல தண்ணீர் டாங்கியை நம்பி நான்கு பேரும் தலை குளிக்காதீர்கள். தோணியில் நாங்கள் அரிசியைக் கடல் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் உலை வைப்போம். சோற்றுக்கு உப்பும் போட வேண்டியதில்லை.

தோணியில் பெண் பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். உன் அத்தைக்கு என்னைவிடக் கடல் தெரியும், ஒரு நாள் ஏறியதில்லை. நீ கேப்டன் என்று நேற்று அவளிடம் சொன்னேன். "எத்தனை பாய்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

திங்கள்கிழமை படகை ஒப்படைத்ததும் அம்மாவுக்கு முதலில் போன் போடு, சிக்னல் இல்லாத தீவுகள் என்று எவ்வளவு சொன்னாலும் அவள் போனைக் கையிலேயேதான் வைத்திருப்பாள். பிறகு என்னிடம் பேசு. ஒவ்வொரு ராத்திரியும் எங்கே போட்டாய், எத்தனை மீட்டர் ஆழம், எவ்வளவு சங்கிலி விட்டாய் என்று எழுதி வைத்திரு. கேட்பேன்.

அன்புடன்,
அப்பா