மகாமண்டப உத்தரங்கள்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

மகாமண்டபத்தில் விரிசல் கண்ட மூன்று கல் உத்தரங்களில் இரண்டைச் சீர்செய்தோம், ஒன்றை மாற்றினோம். வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. செய்த வேலையும் அதன் காரணமும் இங்கே.

மூன்றிலும் விரிசல் ஒரே சாயல்: நட்டநடுவில், அடிப்பக்கம் அகன்று, மேலே போகப்போக மயிரிழையாகத் தேய்ந்திருந்தது. கல் வளைந்ததற்கு அதுவே அடையாளம். உத்தரம் வளைந்தால் மேல்பாதி நெரிபடும், அடிப்பாதி இழுபடும். நெரிப்பை எவ்வளவோ தாங்கும் கருங்கல், இழுப்பில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. 9 அடிக் கல் அரை மி.மீ. நீள்வதற்குள் பிளந்துவிடும், அதே நீள இரும்புக் கம்பி 3 மி.மீ. நீண்டாலும், விட்டதும் பழைய அளவுக்கு வந்துவிடும்.

கல் கிழடாகிவிட்டது என்றார்கள் சிலர். குற்றம் கல்மேல் இல்லை, மேல்தளத்தின்மேல். ஒவ்வோர் ஒழுக்கலுக்கும் ஒரு பூச்சாகப் போட்டுப் போட்டு, பழைய சுண்ணாம்புத் தளத்தின்மேல் 5 அங்குலம் சிமென்ட் கான்கிரீட் ஏறியிருந்தது. 30 அடிக்கு 30 அடி மண்டபத்தில் அது சுமார் 25 டன். போதாததற்கு, அதன் வெடிப்பில் இறங்கிய நீர் அடியிலேயே தங்கியது. விரிசல்களின் குறுக்கே ஒட்டிவைத்த ஆறு கண்ணாடித் துண்டுகளில் நான்கு, ஐப்பசி கார்த்திகை மழையில் உடைந்தன. விரிசல் இன்னும் வளர்கிறது என்று அதனால்தான் உறுதியானது. வெறும் கலவையை அடைத்திருந்தால் மறைத்ததாகுமே தவிர, சரிசெய்ததாகாது.

முதலில் உத்தரத்துக்கு இரண்டு வீதம் திருகு ஜாக்கி முட்டு. பாரம் ஏறும்வரை மட்டும் திருகினோம். விரிசல் மூடும்வரை தூக்க ஆசைப்படக் கூடாது. இடுக்கில் சிக்கிய கல்தூள் ஆப்பாகிக் கல்லை மேலும் பிளக்கும். கான்கிரீட்டை இருபுறமும் சமமாக, கை உளியால் மட்டுமே எடுத்தோம். பிரேக்கர் எந்திரத்தின் அதிர்வை உத்தரம் தாங்காது.

பிறகு உத்தரத்தின் அடிமுகத்தில் நீளவாக்கில் இரண்டு காடி வெட்டி, 12 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்து எப்பாக்ஸிப் பசையில் பதித்து, கல்தூள் கலவையால் மூடினோம். இழுபடுவது அடிப்பக்கம், கம்பியும் அங்கேதான் வேண்டும். எப்பாக்ஸியைக் காலையில், சிறிது சிறிதாகவே கலக்க வேண்டும். உச்சிவெயிலில் மொத்தமாகக் கலந்த ஒரு டப்பா கையிலேயே இறுகி வீணானது.

மூன்றாவதில் விரிசல் முக்கால் பங்கு ஏறிவிட்டது. மாற்றுக் கல் ஒரு டன்னுக்குச் சற்று மேல். சுத்தியால் தட்டி மணியோசை கேட்டோம். நனைத்தும் பார்த்தோம், ஒளிந்திருக்கும் கீறல் கடைசியில்தான் காயும். தூக்கும்போது கயிற்றை நுனியில் கட்டவில்லை. இருபுறமும் 1 அடி 10 அங்குலம் உள்ளே தள்ளிக் கட்டினோம். அங்கே கட்டினால்தான் கல்லின் சொந்த எடை அதை மிகக் குறைவாக வளைக்கும்.

கூரை விளிம்பில் வெளியே நீளும் கபோதக் கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகள் துருவேறி உப்பி, மூலைகளைத் தெறிக்கவிட்டிருந்தன. அவற்றுக்கும் துருப்பிடிக்காத எஃகே போட்டோம். தளத்தில் சுண்ணாம்பும் தட்டோடும் மட்டும்.

புதுக் கண்ணாடித் துண்டுகள் ஆறும் தேதியிட்டு ஒட்டப்பட்டுள்ளன. வெள்ளையடிக்கும்போது பெயர்த்துவிட வேண்டாம். ஒன்று உடைந்தாலும் குழுவுக்கு அன்றே சொல்லவும்.

திருப்பணிக் குழு