பதினொரு பாஸ், ஒரே ஒரு கியூஆர்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
மாநாட்டு ஏற்பாட்டு நிறுவனம்.

பொருள்: ஏற்காடு மகளிர் தலைமைத்துவ மாநாட்டுக்குக் கட்டிய ரூ. 23,364ஐத் திருப்பித் தரக் கோருதல். உங்கள் ஊழியர் பேசிய பேச்சு குறித்தும் புகார் – நான்காவது முறையாக எழுதுகிறேன்.

ஐயா / அம்மா,

வணக்கம். மூன்று மின்னஞ்சல், ஒன்பது போன், சேலம் அஞ்சு ரோட்டில் உள்ள உங்கள் கிளைக்கு இரண்டு நடை. ஒன்றுக்கும் உருப்படியான பதில் இல்லாததால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

பாஸ் ஒன்றுக்கு 1,800 வீதம் 11 பாஸ், 19,800. ஜிஎஸ்டி 18 சதவீதம், 3,564. எங்கள் குழுவின் கணக்கிலிருந்து போன பணம், ரசீது இருக்கிறது. 'ஃபுல் டே' பாஸில் என்னென்ன அடங்கும் என்று உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை.

குழுவாகப் பதிந்தால் உங்கள் செயலி ஒரே கியூஆர்தான் அனுப்புகிறது. அதற்கு நுழைவு எண்ணிக்கை 11 என்று போட்டிருக்க வேண்டும். 1 என்று விட்டுவிட்டீர்கள். முதல் ஆள் உள்ளே போனதும் மற்ற பத்துப் பேருக்கும் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று சிவப்பு எழுத்து. பெயரைப் பார்த்து விடுங்கள் என்றால், பட்டியல் ஆன்லைனில் இருக்கிறதாம், டவர் இல்லையாம். மலையில் டவர் விட்டு விட்டுத்தான் வரும் என்பது அடிவாரத்தில் டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும். முந்தின நாளே நாலு தாளில் அச்செடுத்து வைத்திருந்தால் வேலை முடிந்தது.

மேசையாவது போதுமா? 300 பேர், ஆளுக்கு 40 விநாடி, இரண்டு மேசை. 100 நிமிடம் ஆகும். நீங்கள் ஒதுக்கியதோ அரை மணி நேரம். ஏழு மேசை வேண்டிய இடம் அது. தொடக்க உரையில் பாதி போன பிறகுதான் எங்கள் ஆட்கள் உள்ளே போனார்கள்.

அந்த உரையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. 2016இல் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கான இட ஒதுக்கீடு 50 சதவீதம் ஆனதையும், ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதையும் சொல்லி, "பேனாவை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்" என்றார் பேசியவர். அரங்கமே எழுந்து கைதட்டியது.

அதே மாநாட்டின் உதவி எண்ணில், ஆறாவது போனுக்கு உங்கள் ஆள் சொன்ன பதில் இது: "வீட்டுக்காரர்கிட்ட போனைக் குடுங்கம்மா, அவருக்குச் சொன்னாத்தான் புரியும்."

இந்த ஒரு வரிக்கே பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அழைப்பைப் பதிவு செய்வதாக உங்கள் குரலே தொடக்கத்தில் சொல்கிறது. எடுத்துக் கேளுங்கள்.

சொல்ல விட்டுப்போனது: அடையாள அட்டையை முந்தின நாளே ஏற்காட்டில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். வேன் வைத்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால், அங்கே மேசையும் இல்லை, ஆளும் இல்லை. காவலாளி போன் போட்டுக் கேட்டுச் சொன்னார், அட்டை சேலத்தில்தான் இருக்கிறது என்று. வேன் வாடகை 3,500, இரண்டு பேருக்கு வாந்தி.

பிற்பகல் 2 மணிக்கு வங்கிக் கடன் பயிலரங்கம் என்று அச்சிட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரும் ஜவ்வரிசி வடகம் போடுகிறவரும் வந்தார்கள். பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டத்தில் பெண்களுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம் மானியம், கைப்பணம் 5 சதவீதம் போதும். இதெல்லாம் எங்களுக்கே தெரியும். சிக்குவது திட்ட அறிக்கையில்: இயந்திரத்துக்கு கொட்டேஷன் இருக்காது, மூன்று மாதச் சரக்குக்கும் கூலிக்குமான நடைமுறை மூலதனம் விட்டுப்போயிருக்கும், வங்கி திருப்பிவிடும். அதை உட்கார்ந்து எழுதிப் பழகத்தான் கொட்டேஷனும், சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றுமாக வந்தார்கள். கிடைத்தது இன்சூரன்ஸ் விற்கும் பேச்சு, அப்புறம் செல்ஃபி. அந்தக் கடன்கள் இந்த ஆண்டு தள்ளிப்போனால் எங்களுக்கு நஷ்டம் 2 லட்சத்துக்குக் குறையாது. சான்றிதழில் நான்கு பெயர் தப்பு, அது கிடக்கட்டும்.

உங்களோடு சண்டை போடும் எண்ணம் இல்லை. அடுத்த மாநாட்டுக்கு 30 பேரை அனுப்பவும் தயார்தான். 15 நாளுக்குள் 23,364ம் வேன் வாடகையும் வர வேண்டும். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார், அடுத்து சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டாண்டு அவகாசம் இருக்கிறது, நாங்கள் இரண்டு வாரம்தான் பார்ப்போம்.

தயவுசெய்து அது வரை கொண்டுபோக வேண்டாம்.

இப்படிக்கு,
குழு ஒருங்கிணைப்பாளர்,
சேலம்.

பி.கு.: வங்கிக் கணக்கு விவரம் மூன்றாவது மின்னஞ்சலிலேயே இருக்கிறது. மறுபடியும் கேட்காதீர்கள்.