பையில் இருந்த இன்னொரு கேபிள்

தம்பி,

பரணில் இருந்த ஈவி3 பெட்டியை, அதுதான் நம் பழைய லெகோ ரோபோ செட்டை, கொடுத்துவிட்டேன். அம்மா சொல்லித் தெரிந்து நீ குதிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெருப் பள்ளியில் பிள்ளைகள் தாங்களே செய்து பழகும் டிங்கரிங் லேப் இருக்கிறதே, அங்கேதான். லெகோ அதை 2021லேயே நிறுத்திவிட்டதே என்றேன். பிள்ளைகள் கழற்றி மாட்டிப் பழகப் போதும் என்றார் டீச்சர். இன்னொன்று, நாம் போன அதே ஃபர்ஸ்ட் லெகோ லீக் ரோபோ போட்டிக்கு இந்த ஆண்டு நடுவராகப் பேர் கொடுத்திருக்கிறேன். ஆமாம், அந்தக் கருப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைதான். சிரிக்காதே. இந்தத் தடவை தலைப்பு தொல்லியல். நம் பக்கத்து அணிகளில் பாதி கீழடியோடு வரும், பார்.

பாகங்களை எண்ணும்போது அந்த 50 சென்டிமீட்டர் கேபிள் கைக்கு வந்தது. பெட்டிக்கு ஒன்றுதான் வரும். நம்மிடம் மட்டும் இரண்டு.

நகரம் கட்டுவதைத் தலைப்பாக வைத்த 2019-20 சிட்டி ஷேப்பர் பருவம். நீ அணியில், நான் கோச். இரண்டு சுற்றும் சொதப்பியாகிவிட்டது. மூன்றில் எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் எல்லோர் கண்ணும் மூன்றாவதில். அணிகள் மேசை போட்டுத் தயாராகும் பிட்டுக்குள் நடக்க இடமில்லை. அட்டைக் கிரீடம் வைத்த ஒரு கூட்டம், முதுகில் போர்வை கட்டிய இன்னொரு கூட்டம், பேட்ஜை நீட்டி "எங்களுக்கு ஒன்று தாங்க" என்று மேசை மேசையாக ஓடும் வாண்டுகள். யாரோ ஒரு அம்மா முன்பின் தெரியாத அணிக்கெல்லாம் புளியோதரை போட்டுக்கொண்டிருந்தார். மைக்கில் "3, 2, 1" என்றதும் அரங்கமே "லெகோ!" என்று கத்தும். நீ அதில் மிதந்துகொண்டிருந்தாய். நான் விளக்கு வெளிச்சத்தில் கலர் சென்சார் கோட்டைத் தவறவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோச் ரோபோவைத் தொடக்கூடாது. கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 22 வயதில் அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

மொத்தம் 150 வினாடி. ரோபோ மேசையிலிருந்த லெகோ கிரேன் வரை ஒழுங்காகப் போனது. அதன் கை அசையவில்லை. நீ குனிந்து பார்த்தாய், நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். கேபிளின் கொக்கி உடைந்திருக்கிறது என்று உன் முகத்திலேயே தெரிந்தது. பையில் இன்னொன்று இருக்கிறதே, ஓடு என்று நான் வாயசைக்க, நீ தலையாட்டினாய், இல்லை என்று.

அந்த அணி எது, எந்த ஊர் என்று இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியும், போதும். சின்னப் பையன்கள், முதல் வருடம், அவர்களுடைய கேபிள் காலையிலேயே போய்விட்டது. கேட்டார்கள், கொடுத்தாய்.

பிட்டுக்கு வந்து நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று திரும்ப எழுதத் தெம்பில்லை. நம் சுவரில் நானே என் கையெழுத்தில் எழுதி ஒட்டிய போஸ்டர் இருந்தது, கிரேஷியஸ் புரொபஷனலிசம் என்று. மும்முரமாகப் போட்டி போடு, எதிரே நிற்பவரையும் மதி என்று அதற்கு உங்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னவளும் நான்தான். அந்தச் சொல்லைப் பரப்பிய எம்ஐடி பேராசிரியர் வுடி பிளவர்ஸ் இறந்தது அந்தப் பருவத்தில்தான். அவருக்காக உங்களை ஒரு நிமிடம் நிற்க வைத்தேனே. நான் கத்தி முடித்துத் திரும்பும்போது அடுத்த மேசையில் கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு ஜட்ஜ். என்னைப் பார்க்காத மாதிரி நின்றார்.

ரோபோ ஸ்கோர் மட்டும் அங்கே கணக்கில்லை, அணி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் கோர் வேல்யூஸும் உண்டு. அந்த ஜட்ஜ் அம்மா என்ன எழுதினாரோ. ஆனால் வீட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் சித்தப்பா "இவன் கேபிளைத் தானம் பண்ணாமல் இருந்திருந்தால் ஹூஸ்டன் போயிருப்பீர்கள்" என்று ஆரம்பிக்கும்போது நான் கூடவே சிரித்தேன். 2020ல் ஹூஸ்டனில் நடக்கவிருந்த உலகப் போட்டியே கொரோனாவால் ரத்து என்று தெரிந்தும். (சித்தப்பா, நீங்களும் படிக்கிறீர்கள் என்று தெரியும். இத்தோடு விடுங்கள்.)

சரி, மன்னிப்பு கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அது டியூஷன் காசில் நான் வாங்கிய கேபிள். பத்துப் பேர் நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமை பார்க்காமல் உழைத்ததை நீ ஒருவனாக எடுத்துக் கொடுக்க உனக்கு யார் அதிகாரம் தந்தது? அடுத்த வருடம் வரமாட்டேன் என்பதைக்கூட வாட்ஸ்அப்பில்தானே சொன்னாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு!

நீ ஒருநாளும் சண்டை போடவில்லை. அதுதான் எரிச்சல். சாப்பிட்டாயா என்று கேட்டால் "ம்" என்பாய்.

இன்னொன்றும் இருக்கிறது. பரிசு அறிவித்து முடிந்து மேடை பக்கம் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தீர்களே, நான் பிட்டில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பையன்களில் இரண்டு பேர் வந்தார்கள். கேபிளை அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, அதில் தங்கள் பேட்ஜைக் குத்தியிருந்தார்கள். "இதைக் கொடுத்த அண்ணன் எங்கே?" என்று கேட்டான் ஒருவன். நீ அங்கேதான், யாருடைய கிரீடத்தையோ தலையில் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாய். எனக்கு நன்றாகவே தெரிந்தது.

தெரியாது என்றேன்.

கேபிளை அந்தப் பெட்டியோடு அனுப்பவில்லை. பேட்ஜோடு என் மேசை டிராயரில் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்.

அக்கா