ஓநாய்த் திட்டமும் வேட்டைக்காரர்களும்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தின் 1999-ஆம் ஆண்டு ஓநாய் மேலாண்மைத் திட்டத்தில், ஓநாய்களின் எண்ணிக்கைக்கு 350 என்ற இலக்கு இருந்தது. 2023 திட்டம் அதைக் கைவிட்டதால், ஓநாய்கள் பெருகிவிடும் என்று வேட்டைக்காரர்கள் கொதிக்கிறார்கள். அவர்களை இரத்தவெறியர்கள் என்று ஏசுவது தவறு. மான் அரிதாகிறது, கரடி வேட்டைக்குப் பழக்கிய நாய்களை ஓநாய்கள் குதறிவிடுகின்றன என்று வடபகுதியினர் முறையிடுகிறார்கள். வேட்டை உரிமக் கட்டணம் செலுத்தி மாநில இயற்கை வளத் துறையைத் தாங்குவோரும் அவர்களே. காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் 2021 பிப்ரவரி ஓநாய் வேட்டையை எப்படி மறப்பது? வேட்டைக்காரர்களுக்கு அனுமதித்தது 119 ஓநாய்கள். மூன்றே நாளுக்குள் கொன்றது 218. பனியில் பதிந்த தடம் பார்த்து, நாய்களை ஏவித் துரத்தினார்கள்; அதுவோ இனப்பெருக்கக் காலம். கொன்றதைத் தெரிவிக்க 24 மணி நேரம், வேட்டையை நிறுத்த மேலும் 24 மணி நேர முன்னறிவிப்பு என்ற விதிகளும் அந்த வரம்புமீறலுக்கு இடங்கொடுத்தன. இனி வேட்டைக்கு அனுமதி கிடைத்தால், முதலில் அந்த விதிகளை மாற்றுங்கள்.

ஒரு வாசகர்,
மில்வாக்கி